கடைசி நூறு மீட்டர்: ஏதென்ஸ் முதல் பெர்லின் வரை

முதல் நாள், ஏதென்ஸ்

தங்கை மேலே பார்க்கிறாள், நான் கீழே பார்க்கிறேன். இந்தப் பயணம் முழுவதும் இப்படித்தான் போகும் என்று இன்று காலையிலேயே தெரிந்துவிட்டது. அவள் கட்டுமானப் பொறியாளர். கூரை எதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது, அதன் பாரம் எந்த வழியாகத் தரைக்கு இறங்குகிறது என்பதுதான் அவளுடைய முதல் கேள்வி. நான் கல்லூரி முடியும்வரை 400 மீட்டர் ஓடியவள். கடந்த இருபது ஆண்டுகளாக அதே ஓட்டத்தைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். எந்த மைதானத்துக்குள் நுழைந்தாலும் என் கண் கடைசி வளைவு முடிந்து நேர்பாதை தொடங்கும் இடத்தைத் தேடும். 400 மீட்டர் ஓடிய எல்லோருக்கும் அந்த இடம் தெரியும். தொடை கல்லாகிவிட்டிருக்கும். இன்னும் நூறு மீட்டர் மிச்சம் இருக்கும்.

ஒலிம்பிக் நடந்த நான்கு நகரங்களில் அந்த நூறு மீட்டரைப் பார்த்துவிட வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. எட்டு நாள் கிடைத்திருக்கிறது. ஏதென்ஸ், ரோம், மியூனிக், பெர்லின்.

முதலில் பானதினைக்கோ மைதானம். சாலையோரம் நின்றபடியே முழு மைதானத்தையும் பார்த்துவிடலாம்; குதிரை லாடம்போல ஒரு பக்கம் திறந்தே கிடக்கிறது. இரண்டு குன்றுகளுக்கு நடுவே இருந்த பள்ளத்தில் கி.மு. 4-ஆம் நூற்றாண்டில் முதன்முதலாக அமைத்தது. கி.பி. 2-ஆம் நூற்றாண்டில் ஹெரோடெஸ் அட்டிகஸ் என்ற செல்வந்தர் அதை முழுக்கப் பளிங்கில் கட்டிக்கொடுத்தார். பிறகு காலம் அதை மண்ணால் மூடிவிட்டது. 1896 ஒலிம்பிக்குக்காக கியோர்கியோஸ் அவெரோஃப் பணம் கொடுக்க, பென்டெலி மலைப் பளிங்கில் மறுபடி எழுந்தது. வாசலில் அவருக்குச் சிலை இருக்கிறது.

கூரை என்று ஒன்றுமே இல்லாததால் தங்கைக்கு இங்கே வேலை குறைவு. படிக்கட்டின் சரிவை மட்டும் கண்ணால் அளந்துகொண்டிருந்தாள். நான் வளைவின் ஓரத்தில் நிற்கும் ஹெர்ம் தூண்களின் அருகே வெகுநேரம் நின்றேன். அகழ்ந்தபோது கிடைத்தவை அவை. தூணின் உச்சியில் இரண்டு முகங்கள்: ஒரு பக்கம் இளைஞன், மறுபக்கம் தாடி வைத்த முதியவர். இளைஞனாகத் திரும்பி முதியவனாக வெளியே வருவதற்குப் போதுமான வளைவுதான் அது. அவ்வளவு குறுகல்! ஒரு சுற்று 333 மீட்டர் அளவுதான். நேர்பாதைகள் நீண்டு கிடக்க, வளைவுகள் ஊசி முனைபோல மடங்குகின்றன. 1896-இல் அமெரிக்கரான தாமஸ் பர்க் இங்கே 400 மீட்டரை 54.2 வினாடியில் வென்றார். அந்த நேரத்தைப் படித்துவிட்டு என் மாணவிகள் சிலர் வியந்ததுண்டு. இந்த வளைவை நேரில் பார்த்தால் வியக்க மாட்டார்கள். போதாக்குறைக்கு அன்று ஓடியது கடிகாரச் சுற்றில், இன்று ஓடுவதற்கு எதிர்த் திசையில்.

இரண்டாம் நாள், ஏதென்ஸ்

நேற்று ஒன்றை எழுதாமல் விட்டுவிட்டேன். எழுத மனம் தயாராக இல்லை.

1896 ஒலிம்பிக்கில் பெண்களுக்கு எந்தப் போட்டியும் கிடையாது. மாரத்தானை கிரேக்கரான ஸ்பிரிடான் லூயிஸ் வென்று இந்த மைதானத்துக்குள் ஓடிவந்ததும் கூட்டம் கொண்டாடிய கதை எல்லோருக்கும் தெரியும். மறுநாள் ஸ்டமாட்டா ரெவிதி என்ற ஏழைப் பெண் ஒருவர் மாரத்தான் ஊரிலிருந்து தனியாகப் புறப்பட்டார். ஏறத்தாழ ஐந்தரை மணி நேரத்தில் ஏதென்ஸ் வந்து சேர்ந்தார். மைதானத்துக்குள் அவரை விடவில்லை. ஓட்டம் வெளியிலேயே முடிந்துவிட்டது.

இன்று காலை டிக்கெட் வாங்கிக்கொண்டு யார் வேண்டுமானாலும் இறங்கும் அந்தக் கறுத்த பாதையில் நானும் இறங்கினேன். தங்கை கைக்கடிகாரத்தை எடுத்துக்கொண்டாள். "அக்கா, உனக்கு ஐம்பத்தொரு வயது, மறந்துவிடாதே" என்றாள். மறக்கவில்லை. ஒரே ஒரு சுற்று. கடிகாரச் சுற்றில்தான் ஓடினேன், 1896-இல் ஓடியதுபோலவே. வலதுபக்கம் திரும்பப் பழகாத உடம்பு ஒவ்வொரு வளைவிலும் வெளியே போகப் பார்த்தது. இரண்டாவது வளைவைத் தாண்டியதும் எதிரே மைதானத்தின் திறந்த வாய் தெரிகிறது, அதற்கு அப்பால் சாலை. ரெவிதி நின்றிருந்தால் அந்தப் பக்கத்தில்தான் எங்கேயோ நின்றிருப்பார். என்ன நேரத்தில் முடித்தேன் என்று தங்கையிடம் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

மாலையில் 2004 ஒலிம்பிக் வளாகம். நகரின் வடக்கே, மரூசியில் இருக்கிறது. இப்போது தங்கையின் முறை. 1982-இல் திறந்த மைதானத்தின்மேல் சான்டியாகோ கலத்ராவா என்ற ஸ்பானியக் கட்டடக் கலைஞர் 2004-க்காக ஒரு கூரையை ஏற்றினார். 304 மீட்டர் அகலத்துக்குத் தாவும் இரண்டு இரும்பு வில்கள். அவற்றிலிருந்து கம்பிவடங்களில் கூரை தொங்குகிறது. பக்கத்தில் வைத்துப் பொருத்தி, பிறகு தண்டவாளத்தில் தள்ளுவதுபோல மைதானத்தின்மேல் நகர்த்திக் கொண்டுவந்தார்கள். அதை முடித்தது போட்டி தொடங்கச் சில மாதங்களே இருந்தபோது. தங்கை இதை விவரித்தபோது அவள் குரலில் அச்சமும் மரியாதையும் கலந்திருந்தன. ஆனால் 2023 செப்டம்பரில், கூரையின் உறுதி போதாது என்று ஆய்வு சொன்னதால் மைதானத்தையே மூட வேண்டிவந்தது. திறந்து இருபது ஆண்டுகூட ஆகாத கூரை. "கட்டுவதற்குக் கிடைக்கும் கைதட்டல் பராமரிப்பதற்குக் கிடைப்பதில்லை" என்றாள். வண்ணம் பூசும் வேலைகூட ஒழுங்காக நடக்காத இடங்களை அவள் தன் பணியில் நிறையப் பார்த்திருக்கிறாள்.

எனக்கு இந்த மைதானம் வேறு காரணத்துக்காக முக்கியம். 2004 ஆகஸ்டில் அஞ்சு பாபி ஜார்ஜ் நீளம் தாண்டுதலில் 6.83 மீட்டர் தாண்டியது இங்கேதான். இந்தியப் பெண்கள் 4x400 தொடர் ஓட்ட அணி இறுதிப்போட்டிக்கு வந்து ஏழாவது இடம் பிடித்ததும் இங்கேதான். ஏழாவது இடத்தை யாரும் நினைவில் வைத்துக்கொள்வதில்லை. நான் வைத்திருக்கிறேன்.

மூன்றாம் நாள், ரோம்

விமானம், பஸ், அலைச்சல். மாலையில்தான் டைபர் ஆற்றங்கரைக்கு வர முடிந்தது.

ஃபோரோ இத்தாலிகோ, சர்வாதிகாரி முசோலினி எழுப்பிய விளையாட்டு வளாகம். அவன் பெயர் செதுக்கிய பளிங்குத் தூண் இன்றும் வாசலில் நிற்கிறது. அதன் அடியில் நிற்க எனக்குப் பிடிக்கவில்லை, வேகமாகக் கடந்துவிட்டேன். உள்ளே ஸ்டேடியோ தெய் மார்மி, 1932-இல் திறந்த சிறிய பளிங்கு மைதானம். சுற்றிலும் ஆளைவிட மிகப் பெரிய வெள்ளைச் சிலைகள், ஒவ்வொன்றும் ஒரு மாகாணம் கொடுத்தது. அத்தனையும் ஆண்கள். கீழே பாதையில் நான்கைந்து பேர் பயிற்சி ஓட்டம் ஓடிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் இருவர் பெண்கள். சிலைகளைவிட அவர்களைப் பார்த்துக்கொண்டிருந்ததுதான் அதிக நேரம்.

நான்காம் நாள், ரோம்

பக்கத்தில் இருக்கும் ஸ்டேடியோ ஒலிம்பிகோவுக்காக இன்று ஒரு முழுக் காலை.

1953-இல் ஒரு லட்சம் பேருக்கென்று கட்டினார்கள். 1990 உலகக் கோப்பைக் கால்பந்துக்காகக் கிட்டத்தட்ட முழுக்க இடித்துக் கட்டி, சுற்றிலும் வெள்ளைத் துணிக்கூரை போட்டார்கள். அத்தனை மாற்றத்திலும் ஓடுபாதை தப்பியது. 1960-இல் இருந்தது இன்றைய செயற்கைப் பாதை அல்ல, கரித்தூள் பாதை. உள்பக்கத் தடங்களில் முன்னால் ஓடியவர்களின் கால்கள் கிளறிவிட்டுப் போயிருக்கும்.

1960 செப்டம்பர் 6, ஆண்கள் 400 மீட்டர் இறுதி. ஓட்டிஸ் டேவிஸ், கார்ல் காஃப்மன் இருவருக்கும் 44.9, இருவருமே உலக சாதனை. முடிவுக் கோட்டில் காஃப்மன் பாய்ந்து விழுந்தார். புகைப்படத்தைப் பார்த்துத்தான் டேவிஸுக்குத் தங்கம் என்று முடிவு செய்தார்கள். மூன்றாவது மால்கம் ஸ்பென்ஸ், 45.5. நான்காவது மில்கா சிங், 45.6. பத்தில் ஒரு வினாடி. பாதி ஓட்டத்துக்குப் பிறகு தான் கொஞ்சம் வேகத்தைக் குறைத்துவிட்டதாக மில்கா வாழ்நாள் முழுவதும் சொல்லி வருந்தினார். கேலரியில் உட்கார்ந்து அந்த இடத்தைக் கண்ணால் குறித்தேன். எதிர்ப்பக்க நேர்பாதை முடிந்து கடைசி வளைவு பிடிக்கும் இடம். அங்கே எதையும் குறைக்கக் கூடாது என்று பிள்ளைகளுக்கு நான் சொல்லாத நாளில்லை. ஆனால் அவரைக் குறைசொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்த ஓட்டத்தில் நான்காவதாக வந்தவரின் நேரம், 1998 வரை இந்திய தேசிய சாதனையாக நின்றது.

அதே 1960-இல் பெண்களுக்கு 400 மீட்டர் இன்னும் கிடையாது. 800 மீட்டர் அந்த ஆண்டுதான் திரும்பி வந்தது, 1928-க்குப் பிறகு 32 ஆண்டு கழித்து. 1928-இல் அதை ஓடிய பெண்கள் களைத்து விழுந்தார்கள் என்று காரணம் சொல்லி எடுத்துவிட்டிருந்தார்கள். 800 மீட்டர் முடித்தால் யாருக்குத்தான் களைப்பு வராது? ஆண்களும் விழுகிறார்கள். பெண்கள் 400 மீட்டர் 1964-இல் டோக்கியோவில்தான் சேர்ந்தது.

மதியம் தங்கை என்னை ஃபிளாமினியோ பகுதிக்குக் கூட்டிப்போனாள். பியர் லூயிஜி நெர்வியின் பலாசெத்தோ டெல்லோ ஸ்போர்ட், 1957-இல் முடித்த சிறு உள்ளரங்கம். விளிம்பைச் சுற்றி 36 சாய்ந்த கான்கிரீட் கால்கள், கை விரித்துக் குடையைத் தாங்குவதுபோல. உள்ளே அண்ணாந்து பார்த்தால் குவிமாடத்தின் விலா எலும்புகள் சூரியகாந்திப் பூவின் விதைகள்போலப் பின்னிப் பின்னிப் போகின்றன. "அலங்காரம் என்று ஒன்றுமே இல்லை, பார். பாரம் போகிற வழியே அழகாகிவிட்டது" என்றாள். முதன்முறையாக இந்தப் பயணத்தில் நானும் மேலே பார்த்துக்கொண்டே இருந்தேன்.

சில நிமிட நடையில் அதே நெர்வியின் இன்னொரு படைப்பு, ஸ்டேடியோ ஃபிளாமினியோ. 1960 ஒலிம்பிக் கால்பந்து இறுதி இங்கே நடந்தது. இத்தாலியின் ரக்பி அணி 2011 வரை இங்கே விளையாடியது, அதன்பிறகு பூட்டிக்கிடக்கிறது. வேலிக்கு அப்பால் படிக்கட்டு இடுக்குகளில் செடி முளைத்திருக்கிறது. தங்கை கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் அவளைக் கூப்பிடவில்லை. ஏதென்ஸில் ரெவிதிக்காக நான் நின்றபோது அவளும் என்னைக் கூப்பிடவில்லை.

ஐந்தாம் நாள், ரயிலில்

ரோமிலிருந்து மியூனிக். மலைகளுக்கு நடுவே ரயில் போய்க்கொண்டிருக்கிறது. எழுத நேரம் இருப்பதால் ஒரு கணக்கைச் சொல்லிவிடுகிறேன்.

ஓடுபாதையைக் கால்பந்து ரசிகர்கள் ஏன் வெறுக்கிறார்கள்? தரமான 400 மீட்டர் பாதையில் நேர்பாதை ஒவ்வொன்றும் 84.39 மீட்டர், வளைவின் ஆரம் 36.5 மீட்டர். நடுவே 105-க்கு 68 மீட்டர் கால்பந்துக் களத்தை வைத்தால், நான்கு மூலைகளிலும் பாதைக்கு ஒரு மீட்டர்கூட இடைவெளி இருக்காது. அவ்வளவு நெருக்கம். ஆனால் கோல் கம்பத்துக்குப் பின்னால் வளைவு பருத்துப் போவதால் பாதையின் உள்விளிம்பே 26 மீட்டர் தள்ளி இருக்கும். எட்டுத் தடங்களையும் சேர்த்தால் 36 மீட்டர். அதற்கும் பின்னால்தான் முதல் வரிசை. கோல் விழுவதைப் பார்க்க வந்தவர் அத்தனை தூரத்தில் உட்கார வேண்டும். அவர்களுடைய வருத்தம் நியாயமானதுதான்.

அதனால்தான் தூரினில் 1990 உலகக் கோப்பைக்காக ஓடுபாதையோடு கட்டிய டெல்லே ஆல்பி மைதானத்தை இருபது ஆண்டுக்குள் இடித்தார்கள். மான்செஸ்டரில் 2002 காமன்வெல்த் போட்டி முடிந்ததும் பாதையைப் பெயர்த்தெடுத்துவிட்டுக் கால்பந்து அணியிடம் கொடுத்தார்கள். அட்லாண்டாவின் 1996 ஒலிம்பிக் மைதானம் பேஸ்பால் மைதானமானது. பாரிஸின் ஸ்டேட் டி பிரான்ஸிலும் லண்டனிலும் கீழ்வரிசை இருக்கைகளை நகர்த்திப் பாதையைத் திறக்கும் ஏற்பாடு இருக்கிறது. செலவு பிடிக்கும் வேலை. ஆனாலும் என் ஓட்டு அதற்குத்தான். ஒரு நகரத்தின் மிகப் பெரிய மைதானத்தில் பாதை இல்லையென்றால், அந்த நகரத்தில் ஓடும் சிறுமிக்கு அங்கே எதிர்பார்ப்பதற்கு என்ன இருக்கிறது?

ஆறாம் நாள், மியூனிக்

போரில் இடிந்த கட்டடங்களின் இடிபாடுகளைக் குவித்து எழுந்த குன்றின்மேல் நின்று இதைப் பார்த்தோம். கீழே 1972 ஒலிம்பிக் பூங்கா. புல்வெளி, ஏரி, அவற்றின்மேல் சிலந்தி வலைபோலப் படர்ந்த, கண்ணாடிபோன்ற கூடாரங்கள். குந்தர் பெனிஷ் குழுவும் ஃப்ரை ஓட்டோவும் சேர்ந்து செய்த கூரை. இரும்புக் கம்பிவடங்களை வலையாகப் பின்னி, கம்பங்களிலிருந்து இழுத்துக் கட்டி, மேலே ஒளி ஊடுருவும் அக்ரிலிக் தகடுகள் பொருத்தியது. கணினி இந்த வேலைக்குப் புதிதாக இருந்த காலம். சோப்புப் படலங்களையும் மாதிரி உருவங்களையும் வைத்து வடிவத்தைத் தேடியவர் ஓட்டோ. தங்கை சொல்லிக்கொண்டே போனாள், இரண்டு மணி நேரம் போனது தெரியவில்லை.

ஹிட்லர் ஆட்சியில் பெர்லினில் நடந்த 1936 ஒலிம்பிக்கை மறக்கவைக்க வேண்டும் என்பதற்காகவே இவ்வளவு லேசாக, இவ்வளவு திறந்ததாகக் கட்டினார்கள். மைதானத்தின் பெரும்பகுதி நிலத்துக்குள் இறங்கியிருக்கிறது. அந்தத் திறந்த மனதுக்குள்தான் 1972 செப்டம்பர் 5 விடியலில் துப்பாக்கிகள் நுழைந்தன. இஸ்ரேல் அணியைச் சேர்ந்த 11 பேரும் ஜெர்மன் காவலர் ஒருவரும் உயிரிழந்தார்கள். வீரர்கள் தங்கியிருந்த கட்டடம் கொனொலி தெருவில் இருக்கிறது. அருகே 2017-இல் திறந்த நினைவிடம். இறந்தவர்கள் ஒவ்வொருவரின் வாழ்க்கையையும் அங்கே படிக்கலாம். எல்லாவற்றையும் படித்தோம். அதன்பிறகு மைதானத்துக்குப் போகக் கால் வரவில்லை. மாலைதான் போனோம்.

இங்கே எனக்குரிய நூறு மீட்டர் ஒன்று இருக்கிறது. ஒலிம்பிக்கில் பெண்கள் 4x400 தொடர் ஓட்டம் முதன்முதலாக நடந்தது 1972-இல், இந்தப் பாதையில்தான். கிழக்கு ஜெர்மனி 3 நிமிடம் 23.0 வினாடியில் உலக சாதனையோடு வென்றது. கல்லூரியில் நான் ஓடிய மூன்றாவது சுற்று, அதற்கான கோடு, தொடர் ஓட்டக் கோலைக் கைமாற்றும் இருபது மீட்டர், எல்லாமே பெண்களுக்கு ஒலிம்பிக்கில் இங்கிருந்துதான் தொடங்குகின்றன. கேலரியில் உட்கார்ந்திருந்தபோது எங்கள் அணியின் மற்ற மூவரின் முகமும் வந்துபோயின.

பேயர்ன் மியூனிக் கால்பந்து அணி 2005-இல் புதிதாகக் கட்டிய ஆலியன்ஸ் அரீனாவுக்குப் போய்விட்டது. இரவில் போய் அதையும் பார்த்தோம். காற்றடைத்த மெத்தைகள்போன்ற வெளிச்சுவர், சிவப்பாக ஒளிர்கிறது. அழகுதான். பாதை இல்லை. ஆனால் 2022-இல் ஐரோப்பிய சாம்பியன்ஷிப் தடகளம் பழைய மைதானத்துக்கே திரும்பி வந்தது.

ஏழாம் நாள், பெர்லின்

வெளியிலிருந்து பார்த்தால் அவ்வளவு உயரமாகத் தெரியாத கல் வளையம். உள்ளே நுழைந்ததும் தரை காலடியில் இறங்கிவிடுகிறது. தந்தை ஓட்டோ மார்ச் 1916 ஒலிம்பிக்குக்காக இங்கே ஒரு மைதானம் கட்டினார். போர் வந்து அந்தப் போட்டியே நடக்கவில்லை. மகன் வெர்னர் மார்ச் 1936-க்காக அதே இடத்தில் இதைக் கட்டினார். கீழே நீலப் பாதை. 2009-இல் உசேன் போல்ட் 100 மீட்டரை 9.58 வினாடியிலும் 200 மீட்டரை 19.19 வினாடியிலும் ஓடியது இதில்.

1936-இல் ஜெஸ்ஸி ஓவன்ஸ் நான்கு தங்கம் வென்று ஹிட்லரின் இனவெறிக்குப் பதில் சொன்னதை எல்லோரும் அறிவார்கள். பக்கத்துச் சாலைக்கு அவர் பெயர். என் மனதில் இருப்பவர் இன்னொருவர், ஆர்ச்சி வில்லியம்ஸ். அவரும் கறுப்பின அமெரிக்கர். 400 மீட்டர் தங்கம், 46.5 வினாடி. பின்னாளில் விமானியானார், கறுப்பின விமானிகளுக்குப் பயிற்சி கொடுத்தார், அதன்பிறகு பல ஆண்டுகள் பள்ளிக்கூட ஆசிரியர். கலிஃபோர்னியாவில் அவர் பாடம் நடத்திய பள்ளிக்கு 2021-இல் அவர் பெயரையே வைத்தார்கள். தங்கம் வென்றுவிட்டு வகுப்பறைக்குப் போன மனிதர். அவரை நினைத்தால் எனக்கு வேலை இனிக்கிறது.

மேற்கே வளையம் அறுபட்டிருக்கும் இடம் மாரத்தான் வாயில். 2004-இல் முடித்த புதுக் கூரையையும் அங்கே மூடாமல் விட்டிருக்கிறார்கள்; தங்கைக்கு அந்த முடிவு மிகவும் பிடித்திருந்தது. சுவரில் வெற்றியாளர்களின் பெயர்கள் செதுக்கியிருக்கின்றன. மாரத்தான் வெற்றியாளரின் பெயர் சோன், நாடு ஜப்பான். அவர் சோன் கீ-சுங் என்ற கொரியர். நாடு ஜப்பானின் ஆட்சியில் இருந்ததால் அவர்கள் கொடியின்கீழ் ஓட வேண்டியதாயிற்று. மேடையில் தலையைக் குனிந்து, பரிசாகக் கொடுத்த ஓக் கன்றால் சட்டையிலிருந்த கொடியை மறைத்துக்கொண்டார். 1970-இல் கொரிய நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவர் இங்கே வந்து நாட்டின் பெயரை உளியால் மாற்றினார். பிறகு அதைப் பழையபடியே ஆக்கிவிட்டார்கள். அந்த வரியைத் தேடிப் பிடித்து அண்ணாந்து நின்றோம். 1988-இல் சியோல் ஒலிம்பிக் தொடக்க விழாவில், 76 வயதில், சுடரேந்தித் தன் சொந்த நாட்டு மைதானத்துக்குள் துள்ளிக்கொண்டு ஓடிவந்தவர் அவர்.

எட்டாம் நாள், பெர்லின்

1936-இன் ஹாக்கி மைதானம் பெரிய மைதானத்துக்கு அருகிலேயே இருக்கிறது. ஆகஸ்ட் 15 அன்று தியான் சந்த் தலைமையில் இந்தியா ஜெர்மனியை 8-1 என்று வென்ற இடம். மழையால் ஒரு நாள் தள்ளிப்போன ஆட்டம். பதினோரு ஆண்டு கழித்து அதே தேதி நமக்கு வேறு பொருள் பெறப்போவது அன்று யாருக்கும் தெரியாது.

அதே 1936-இல் பெண்கள் 4x100 தொடர் ஓட்டத்தில் ஜெர்மனி வெகுதூரம் முன்னால் ஓடிக்கொண்டிருந்தது. கடைசிக் கைமாற்றத்தில் கோல் கீழே விழுந்தது. அமெரிக்கா வென்றது. அந்தப் படத்தை ஒவ்வோர் ஆண்டும் என் அணிக்குக் காட்டுகிறேன்.

திரும்பும் வழியில் வேலிக்கு அப்பால் ஒரு பயிற்சிப் பாதை. பதினான்கு, பதினைந்து வயதுச் சிறுமிகள் நான்கு பேர் கோல் மாற்றிப் பழகிக்கொண்டிருந்தார்கள். முதல்முறை வாங்குபவள் சீக்கிரம் கிளம்பிவிட்டாள், கொடுப்பவள் எட்டிப் பிடிக்க முடியவில்லை. பயிற்றுநர் இருவரையும் பழைய இடத்துக்கு அனுப்பினார். இரண்டாவது முறை வாங்குபவள் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். மறுபடியும் பழைய இடம். தங்கை கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "அக்கா, விமானத்துக்கு இன்னும் நான்கு மணி நேரம் இருக்கிறது" என்று மட்டும் சொன்னாள். நின்றோம். மூன்றாவது முறை அந்தப் பெண் திரும்பவே இல்லை. சரியான கணத்தில் கிளம்பி, கையைப் பின்னால் நீட்டினாள். கோல் உள்ளங்கையில் படும் ஓசை வேலிவரை கேட்டது.